பார்க்காமல் போட்ட கையெழுத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அல்வால் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்குப் பெரியவர் திருநாவுக்கரசு. லாலாகுடா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து, சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்றவர். அவர் மகன் நந்தகுமார். மருமகள் ரோகிணி, ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட். அவள் மடியில் ஏழு மாதக் குழந்தை அனுபமா. அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் ராகவேந்திரா, கையில் ஸ்வீட் பெட்டியோடு வந்தவர். செருப்பு அலமாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்த லூர்துமேரி, அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று அந்தக் கூடத்தில் தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் லாலாகுடாவில் ஏழெட்டுப் பேராவது தேறுவார்கள்.

லூர்துமேரி உட்காரவில்லை. மேனேஜர் நாற்காலியில் இருக்கும்போது அவள் எப்படி உட்காருவாள்? ஆனால் அது மேனேஜர் வீடு இல்லை, திருநாவுக்கரசின் வீடு. 'உட்காரம்மா' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அப்பா சவரிமுத்து இவருக்குக் கீழே இருபது வருடம் ஃபிட்டராக இருந்தவர். அன்று அது அவருக்குத் தோன்றவில்லை. பிற்பாடு தோன்றியவற்றில் அதுவும் ஒன்று.

விஷயம் ஒரு மனு. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று சட்டம் இருக்கிறது. கம்பெனியில் நூற்று நாற்பது பேர். காப்பகம் கிடையாது. பதினோரு பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து ரோகிணியுடையது. ஆறு மாதப் பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. லேபர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய நகலில் ரோகிணியின் கையெழுத்தை வாங்கிப் போகத்தான் லூர்துமேரி வந்திருந்தாள். வந்த இடத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

ராகவேந்திரா தெலுங்கில் பேசினார், பதமாக. சட்டத்தை அவர் மறுக்கவே இல்லை. "ஆனால் சார், முதல் பெயர் உங்கள் மருமகள் பெயர். ரயில்வே ஆபீசர் குடும்பம். குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லாத நிலைமையோ என்று எங்கள் எம்.டி. வருத்தப்பட்டார்."

ஊசி சரியான இடத்தில் இறங்கியது. திருநாவுக்கரசு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஆள் இல்லைன்னா எழுதியிருக்கே?"

"அப்படி எழுதலைங்க மாமா," என்றாள் ரோகிணி. சேலத்துப் பெண், கோபத்திலும் 'ங்க' போகாது. "பக்கத்துலயே இருந்தா நடுவுல போய் பால் குடுத்துட்டு வரலாமேன்னுதானுங்க. சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்குதுங்க."

"மருந்து நெடி அடிக்கிற இடத்துல கொண்டுபோய் என் பேத்தியைப் படுக்க வைப்பியா? நம்ம வீட்டுப் பிள்ளை எவளோ ஆயா கையில வளரணுமா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்? செத்தா போயிட்டேன்?"

 ரோகிணி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள். நந்தகுமார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் குரல் உயரும்போதெல்லாம் அவனுக்குப் போனில் ஏதாவது வந்துவிடும்.

"உங்களைப் போல ஒரு பெரிய மனிதர் நாலு வரி எழுதிக் கொடுத்தால் எம்.டி. மனசு ஆறிவிடும்," என்றார் ராகவேந்திரா.

திருநாவுக்கரசு எழுந்து போய், பெயரும் பழைய பதவியும் அச்சடித்த தாளையும் மைப் பேனாவையும் எடுத்துவந்தார். இங்கிலீஷில் எழுதினார். அவர் இங்கிலீஷ் நன்றாக இருக்கும். தன் பேத்தியைத் தன் வீட்டிலேயே வளர்ப்பதாக இரண்டு வரி. அங்கே நிறுத்தியிருந்தால் அது அவர் வீட்டு விஷயமாக மட்டும் போயிருக்கும்.

ஆனால் முப்பத்தெட்டு வருடம் ரிப்போர்ட் எழுதிய கை. ரிப்போர்ட் என்றால் 'விசாரித்ததில்' என்று ஒரு பத்தி இருந்தாக வேண்டும்; அது இல்லாத தாள் அவர் கண்ணுக்கு அரைகுறை. ஆகவே எழுதினார்: 'விசாரித்ததில், இங்கு பணிபுரியும் பெண்கள் அனைவரின் வீட்டிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருப்பது தெரியவருகிறது. காப்பகம் தேவையில்லை.' கீழே கையெழுத்து, தேதி.

அவர் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டிய பெண் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

மை காய்வதற்காகத் தாளை மேஜையில் வைத்துவிட்டு ராகவேந்திராவுக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி ரோகிணியிடம் சொன்னார். லூர்துமேரி தன் கையிலிருந்த நகலை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வர்றேன் அக்கா," என்றாள் ரோகிணியிடம். "வர்றேன் பெரியப்பா."

தொழிற்சாலையில் திருநாவுக்கரசைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. பெட்டி பழுது பார்த்து வெளியே போக வேண்டுமென்றால் அவர் கையெழுத்து வேண்டும். அடியில் படுத்து, பிரேக்கைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அந்தக் கையெழுத்து விழாது. ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர், மந்திரி வருகிறார், பெட்டி இப்போதே போக வேண்டும் என்று சத்தம் போட்டார். 'அப்படியானால் நீங்களே போடுங்கள் சார்' என்று பேனாவை நீட்டிவிட்டார் இவர். அதிகாரி போடவில்லை. அந்தக் கதையைத் தானே சொல்லாமல் மற்றவர்களைச் சொல்லவிட்டுக் கேட்பது அவருக்குப் பிடிக்கும்.

ரோகிணி பிறகு காப்பகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பகல் பன்னிரண்டு வரை பக்கத்துத் தெருவிலிருந்து தங்கம் என்ற பெண் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் திருநாவுக்கரசு பொறுப்பு. அறுபத்தெட்டு வயதில் துணி மாற்றக் கற்றுக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மணி அழுகையை அவரால் அடக்க முடியவில்லை. தாய் பீய்ச்சி வைத்துவிட்டுப் போன பாலைப் புட்டியில் கொடுத்தால் அனுபமா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கும் கொய்யா மரத்துக்கும் நடப்பார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார்.

ஆறரைக்கு ரோகிணி வருவாள். பையைக்கூட இறக்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். துப்பட்டாவை இழுத்து மார்பை மூடியிருப்பாள். அப்படியும் ஒருநாள் ஈரத் திட்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது. சட்டென்று காலண்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்த ஈரம் எதனால் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பால் அங்கே வீணாகிக்கொண்டிருந்தது, குழந்தை இங்கே அழுதுகொண்டிருந்தது, நடுவே அவர் எழுதிய ஒரு தாள் இருந்தது.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்று அவள் தினமும் கேட்டாள். ஒருநாளாவது திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். போனிலேயே முடித்துவிடலாம் என்று நந்தகுமார் வருடாவருடம் சொல்வான். முகத்தைக் காட்டிப் போட்டால்தான் கையெழுத்து என்று இவர் வருடாவருடம் பேங்குக்கே போவார்.

பேங்கில் அய்யாக்கண்ணு இருந்தார். பழைய ஃபிட்டர், வாய்க்குப் பூட்டு இல்லாத மனிதர்.

"ஆவோ, வாங்க சார். உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட வந்தீங்களா? போடுங்க, போடுங்க. உங்க கையெழுத்துக்கு இப்ப ஜீடிமெட்லா வரைக்கும் பவர் இருக்காமே."

"என்னய்யா உளர்றே?"

"நானா உளர்றேன்? சவரிமுத்து பொண்ணுக்கு வேலை போச்சு சார். ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்தவில்லை. லூர்துமேரியின் அம்மாதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டாள். மகளின் புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் விசாகப்பட்டினம் ரோட்டில். ஒன்றேகால் வயதுக் குழந்தை ரீத்தாவைத் தூக்கிக்கொண்டு லூர்துமேரி இரண்டு நாள் கம்பெனிக்குப் போனாள், கேட்டில் விடவில்லை. பதினோரு நாள் லீவு போட்டாள். பன்னிரண்டாம் நாள் வருகைப் பதிவில் பெயர் இல்லை. அதற்குப் பிறகு பெண்கள் லேபர் ஆபீசுக்கு எழுதினார்கள். விசாரணைக்கு ஆள் வந்தபோது மேனேஜர் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"எல்லார் வீட்டையும் நீங்க விசாரிச்சீங்களாமே? எங்க பஸ்தித் தெருவுல ஒருத்தர் கண்ணுலயும் படலையே சார் நீங்க. காய்கு, எதுக்கு அப்படி எழுதினீங்க?"

திருநாவுக்கரசு கவுண்டர் பக்கம் திரும்பினார். உயிர்ச் சான்றுத் தாளில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிப்போயிற்று. பேங்குப் பெண் பழைய கையெழுத்தோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தாள்.

அங்கிருந்து நேரே லாலாகுடா போனார். தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டு. லூர்துமேரி தரையில் உட்கார்ந்து ஊதுவத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை காலி அட்டைகளைக் கடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் அவள் அம்மா, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு.

அவரைப் பார்த்ததும் எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியின் மேலிருந்த துணிகளை அள்ளினாள்.

"உட்காருங்க பெரியப்பா."

அன்று அவர் அவளிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை. உட்கார்ந்தார்.

"ஏம்மா, என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னான்னு சொல்றது பெரியப்பா? எல்லார் வீட்டுலயும் பெரியவங்க இருக்காங்கன்னு நீங்கதான் விசாரிச்சு எழுதிட்டீங்களே." கட்டிலைக் காட்டினாள். "இதோ, இருக்காங்க."

அவள் குரலில் காரம் இல்லை. கணக்காக, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க இங்கிலீஷ்ல எழுதினப்ப, உங்க வீட்டைப் பத்தித்தான் எழுதுறீங்கன்னு நெனச்சேன். அது உங்க இஷ்டம். எங்க வீட்டையும் சேத்து எழுதுவீங்கன்னு நெனக்கல. மேனேஜர் கம்பெனியில தெலுங்குல படிச்சுக் காட்டினப்ப, கூட கையெழுத்துப் போட்ட சரோஜா, பத்மா எல்லாம் என்னைத்தான் பார்த்தாங்க. உங்க ஆளுதானே, நீ அங்கதானே இருந்தேன்னு." ஒரு பாக்கெட்டை ஒட்டி ஓரமாக வைத்தாள். "சார் பாக்காம கையெழுத்துப் போட மாட்டாருன்னு அப்பா சாகிற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு."

சவரிமுத்துவின் படம் சுவரில் மாதா படத்துக்குக் கீழே இருந்தது. அடக்கத்தன்று, என்ன தேவையென்றாலும் சொல்லுங்கள் என்று இதே கட்டிலருகில் அந்த அம்மாவிடம் சொன்னது தாம்தான் என்பது நினைவுக்கு வந்தது. மன்னிச்சுக்கோம்மா என்று சொல்லிவிட நினைத்தார். வாழ்நாளில் யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை.

"அம்மாவுக்கு மருந்து ஒழுங்கா குடுக்குறியா?" என்று கேட்டார். கேட்டதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"குடுக்குறேன் பெரியப்பா."

சாயங்காலம் ரோகிணி வந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வெளியே வரும்வரை காத்திருந்து சொன்னார்: நாளை லேபர் ஆபீசுக்குப் போய் அந்தக் கடிதத்தை ரத்து செய்யப் போகிறேன்.

நந்தகுமார் போனைக் கீழே வைத்தான். "நக்கோப்பா, வேண்டாம். இத்தனை மாசம் கழிச்சு, நான் எழுதினது பொய்னு நீங்களே போய் சொல்வீங்களா? ரயில்வே ஆளுங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க? நம்ம வீட்டு மானம் என்னாகும்? ரோகிணி வேலைக்கும் ஆபத்து."

நம்ம வீட்டு மானம். தன் குரலையே வேறு யாரோ பேசிக் கேட்பது போல இருந்தது திருநாவுக்கரசுக்கு. அவர் மருமகளைப் பார்த்தார்.

"நான் என்ன எழுதினேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியுமுங்க. மை காயறதுக்கு மேஜை மேல வச்சிருந்தீங்களே, தண்ணி கொண்டுவந்தப்ப படிச்சேன்."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"'செத்தா போயிட்டேன்'னு கேட்டீங்களேங்க மாமா. அதுக்கு மேல ஒரு மருமக என்னங்க சொல்ல முடியும்? லூர்துமேரி மூஞ்சியைப் பார்க்க முடியாம நான் கேன்டீனுக்குப் போறதையே விட்டுட்டேன். சொல்லாதது என் தப்புதானுங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். 

"நாளைக்கு என்கூட வர்றியாம்மா?"

"இல்லீங்க மாமா. நான் வந்தா, நான்தான் உங்களை இழுத்துட்டு வந்தேன்னு பேசுவாங்க. அது உங்களுக்கும் நல்லா இருக்காது, எனக்கும் நல்லா இருக்காது. என் வேலையைப் பத்தி யோசிக்காதீங்க. நீங்களா போறதுன்னா போங்க."

"தங்கம் பன்னெண்டு மணிக்குப் போயிடுவாளே. குழந்தையை யார் பார்ப்பாங்க?"

ரோகிணி நந்தகுமாரைப் பார்த்தாள். அவன் போனை எடுக்கப் போனான், எடுக்கவில்லை. "நான் லீவு போடறேன்," என்றான். குழந்தை பிறந்தபோது எடுத்த ஐந்து நாளுக்குப் பிறகு அனுபமாவுக்காக அவன் போட்ட முதல் லீவு அதுதான்.

லேபர் ஆபீசர் வசந்தகுமாரி என்ற அம்மாள், நாற்பது வயதிருக்கும். ஃபைலைத் தேடி எடுத்து, கடிதத்தைப் பார்த்து, அவரையும் பார்த்தார். தெலுங்கில் கேட்டார்.

"நீங்கள் அந்தக் கம்பெனிக்குப் போனீர்களா?"

"இல்லை."

"எந்தப் பெண்ணிடமாவது பேசினீர்களா?"

"இல்லை."

"பிறகு ஏன் விசாரித்ததில் என்று எழுதினீர்கள்?"

வரும் வழியில் இதற்கு மூன்று பதில் யோசித்து வைத்திருந்தார். மூன்றையும் விட்டுவிட்டு, "பழக்கம் அம்மா," என்றார்.

வசந்தகுமாரி சிரிக்கவில்லை. "சட்டத்துக்கு உங்கள் கடிதம் தேவையே இல்லை. பெண்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தாலும் காப்பகம் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இதைக் காட்டி அவர்கள் ஐந்து மாதம் இழுத்தடித்துவிட்டார்கள். வேண்டாம் என்று பெண்களே சொல்வதாக எங்கள் ஆளும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய மனிதர் கையெழுத்து, நல்ல இங்கிலீஷ். புதிதாக ஒரு கடிதம் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்."

"புதியது எதற்கு? சிவப்புப் பேனா இருந்தால் கொடுங்கள்."

தொழிற்சாலையில், தகுதியில்லாத பெட்டிக்குத் தவறாகச் சான்று கொடுத்துவிட்டால் அதைக் கிழிக்கக் கூடாது. அதே தாளின் குறுக்கே சிவப்பு மையில் எழுதி, தவறு செய்தவனே கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் எப்போதும் பார்க்க அது ஃபைலிலேயே இருக்கும். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அப்படி ஒரு தடவைகூட எழுத நேர்ந்ததில்லை. இப்போது எழுதினார்: 'இதை எழுதியவர் யாரையும் விசாரிக்கவில்லை. இதில் உள்ளது உண்மை அல்ல.' கையெழுத்து. தேதி. இந்தத் தடவை எழுத்து கோணவில்லை.

பிப்ரவரியில் கம்பெனியில் ஸ்டோர் ரூம் ஒன்றைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, காப்பகம் திறந்தார்கள். ஆயா இரண்டு பேர். முதல் நாள் அனுபமாவைத் தூக்கிக்கொண்டு திருநாவுக்கரசும் போனார். தாத்தாக்களுக்கு அனுமதி இல்லை என்று கேட்டில் சொன்னார்கள். ராகவேந்திரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே உள்ளே விடச் சொன்னார். இவர் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். மண்டியிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, தாய் போடட்டும் என்றார். ரோகிணி பத்தரைக்கு ஒரு தடவை, பிறகு மதியம், மூன்று மணிக்கு, ஐந்து மணிக்கு என்று இறங்கி வந்துவிடுகிறாள். மூன்று மணி அழுகை நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு அவர் இன்னமும் கொய்யா மரம் வரை ஒரு நடை போய்விட்டு வருகிறார்.

லூர்துமேரியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி ஆபீசர் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். அவள் நாலு நாள் போனாள். குழந்தைக்கு இடம் இருந்தது. கட்டிலில் கிடக்கும் அம்மாவுக்கு இடம் இல்லை. பெற்றவளைப் பார்க்க விடுப்பு எதுவும் அவளுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை என்று கம்பெனி சொன்னது, அது உண்மையும்கூட. ஐந்தாம் நாள் நின்றுவிட்டாள். வேலையும் காப்பகமும் முன்பே கையில் இருந்திருந்தால், அம்மாவுக்கு ஓர் ஆளை அமர்த்திச் சமாளித்திருப்பாளோ என்று திருநாவுக்கரசு யோசிப்பதுண்டு. மாதம் ஒருமுறை லாலாகுடா போகிறார். நாற்காலியில் உட்காருகிறார். அந்த வார்த்தையை இன்னும் சொல்லவில்லை.

மருமகள் மாமனாரைக் கையைப் பிடித்து லேபர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள், அங்கே எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைத்தாள் என்று லாலாகுடாவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அன்று ரோகிணி ஜீடிமெட்லாவில் வேலையில் இருந்தாள். திருநாவுக்கரசு அல்வாலில் தனியாகப் பஸ் ஏறிப் போனார். அங்கே அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.